ஒரு விரல் இடம்

துறைமுகத்தில் அவருக்கு ‘ஒரு விரல்’ என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் என்றால் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். இவரை மட்டும் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். இவரும் ஏதோ விருது வாங்கியவர் போலத் திரும்பிப் பார்ப்பார்.

வேலை, கட்டு மேஸ்திரி வேலை. கடல் தாண்டிப் போகிற கனமான இரும்புச் சாமான்களை, ஆலை உருளையோ அச்சு எந்திரமோ ஆளுயரப் பல்சக்கரமோ, பக்கச் சுவர் இல்லாத கன்டெய்னர் தளத்தில் உட்கார வைத்து, அசையாமல் சங்கிலி போட்டு இறுக்கி அனுப்ப வேண்டும். இரும்புத் தளத்தில் இரும்பை வெறுமனே வைத்தால் கப்பல் சாயும்போது வழுக்கிக்கொண்டு போகும். அதனால் சாமானின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் எட்டு மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ரப்பர் பாய் ஒன்று போடுவார்கள். அந்தப் பாய் காலைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கால் முழுசாக ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பலாம்.

மேஸ்திரி ஒவ்வொரு காலிடமும் குனிந்து, ஆள்காட்டி விரலை ரப்பர் ஓரத்தில் படுக்க வைத்துப் பார்ப்பார். நகக்கண் அளவு குறைந்தாலும், “தூக்கு மறுபடியும்” என்பார். மழையோ வெயிலோ, சாப்பாட்டு மணி அடித்துவிட்டதோ, அதெல்லாம் அவர் காதில் ஏறாது. ஒருமுறை மேனேஜரே வந்து, “விடுங்க மேஸ்திரி, அரை விரல்தானே?” என்றதற்கு, “அப்போ நீங்க அந்தக் கப்பல்ல போங்க” என்று சொன்னவர். அந்தப் பதில் துறைமுகம் முழுக்க நாலைந்து வருஷம் சுற்றி வந்தது. சுற்றவிட்டதில் அவருக்கும் பங்கு உண்டு.

இந்த மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரப்பர் சுருளிலிருந்து பாய்களை வெட்டியெடுத்தபின் கோணல்மாணலாகக் கொஞ்சம் மிஞ்சும். அது கட்டுக்காரர்களுக்கு என்பது எழுதாத சட்டம். ஸ்டோர்காரரும் கண்டுகொள்ள மாட்டார். வீட்டுக்கு எடுத்துப் போனால் வாஷிங் மெஷினுக்கு அடியில் போடலாம், வாசலில் போடலாம். எல்லாவற்றையும்விட பாத்ரூமில் போடலாம். அந்த ரப்பர் மேல் சோப்புத் தண்ணீரோடு குதித்தாலும் கால் நகராது. மேஸ்திரி தன் பங்கைத் தெருவுக்கே தானம் செய்துவிட்டார். பதினொரு வீட்டுப் பாத்ரூமில் அவருடைய ரப்பர் கிடந்தது. யாராவது கடையில் வாங்கிய மேட்டைப் போட்டிருந்தால், “இதெல்லாம் ஒரு மேட்டா? இதுக்கு வாழைப்பழத் தோலையே விரிச்சு வெச்சுடலாமே” என்று கேலி பேசி, அடுத்த வாரமே ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுப்பார்.

அவர் வீட்டுப் பாத்ரூமில் மட்டும் வெறும் தரை. அது உறுத்தாமல்தான் இருந்தது, மாமியார் வந்து சேரும் வரை. மாமியார் முப்பது வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டியவர். இடுப்பு தேய்ந்துபோய், தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்கு வந்தார். வந்த மாதத்தில் இரண்டு தடவை பாத்ரூமில் வழுக்கிவிட்டார். இரண்டாவது தடவை முழங்கை வீங்கிப்போனது.

அன்றைக்கு மேஸ்திரியின் மனைவி வாயைத் திறந்தாள். “தெருவுல பதினொரு வீட்டுக்கு அள்ளிக் குடுத்தீங்களே. எங்கம்மா மட்டும் விழுந்து எழுந்திருக்கணுமா?”

“வியாழக்கிழமை பெரிய உருளை ஒண்ணு வருது. நிறைய வெட்டுவோம், நிறைய மிஞ்சும். வியாழக்கிழமை சாயந்திரம் மேட்டு வந்துடும்” என்றார், தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி.

வியாழக்கிழமை உருளை வந்தது. காகித ஆலைக்குப் போகிற முப்பத்திரண்டு டன் உருளை, இரும்புத் தொட்டிலில் படுத்தபடி. தொட்டிலுக்கு நாலு கால். ஒவ்வொரு காலும் மூன்றடிக்கு இரண்டடி. மேஸ்திரி மஞ்சள் சாக்பீஸால் காலின் அளவைக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டு, நாலு பாய் வெட்டினார். சுருள் தீர்ந்தது. மிஞ்சியது கையகல நாடா ஒன்று. ஸ்டோரில் கேட்டால், அடுத்த சுருள் புதன்கிழமைதான் வரும் என்றார்கள்.

போகிற வழியில் கடையில் ஒரு மேட்டு வாங்கியிருக்கலாம். ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்குவது போன்ற காரியம். ஆனால் வாழைப்பழத் தோல் என்று ஊரெல்லாம் சொன்ன வாய், மனைவியிடம் வியாழக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்த வாய். அந்த வாய்க்காகத்தான் அவர் செய்தார். மாமியார் மேல் இருந்த கரிசனத்துக்காக என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது முழுப் பொய் இல்லை, அவ்வளவுதான்.

ஆட்களை டீ குடிக்க அனுப்பினார். நாலாவது பாயைச் சுருட்டி ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்துத் துணி போட்டு மூடினார். ஜாக்கியில் தூக்கி நின்ற தொட்டிலின் நாலாவது காலுக்கு அடியில், அதே கனத்தில் பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து வைத்தார். பிறகு அந்தக் கையகல நாடாவை நாலாக வெட்டி, பலகையின் நாலு ஓரத்திலும் சின்ன ஆணியால் அடித்து, ஜாக்கியை இறக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு ரப்பர் சுற்றிவர ஒரு விரல் தெரிந்தது. பழக்கதோஷத்தில் விரலை வைத்தும் பார்த்துக்கொண்டார். கச்சிதமாக இருந்தது.

சர்வேயர் சாயந்திரம் வந்தார். கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சங்கிலித் திருகுகளில் ஈய முத்திரை வைத்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் போய்விட்டவை. ஆறு வருஷமாக அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்பார்.

“ஒரு விரல், விரல் தெரியுதா?”

“தெரியுது சார்.”

“நீங்க சொன்னா சரி.”

முத்திரை விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது. மேஸ்திரி வீட்டுக்கு வந்து பாத்ரூமில் பாயை விரித்தார். மாமியார் அதன் மேல் நின்று, ஒரு காலைத் தூக்கிக் காட்டி, “கல்லு மாதிரி நிக்குது மாப்பிள்ளை!” என்றார். மனைவியின் பாராட்டு ராத்திரி சாப்பாட்டில் தெரிந்தது. மேஸ்திரி நன்றாகத் தூங்கினார். வியாழன், வெள்ளி, சனி மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினார். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. உருளை ஏறுகிற கப்பல் அன்று சாயந்திரம் ஆறு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. காலை பத்து மணி இருக்கும். பாய் தண்ணீர் போகிற துவாரத்தை மறைக்கிறது, ஒரு மூலையை வெட்டிவிட்டால் நல்லது என்று மனைவி சொல்லியிருந்தாள். வெட்டுகிற வேலை என்றால் மாமியாருக்குச் சொல்லவா வேண்டும். பாயைக் கூடத்துக்கு எடுத்து வந்து, துடைத்து, மேசை மேல் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன ரப்பர் மாப்பிள்ளை இது? கத்தியே இறங்கல.”

மேஸ்திரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டார். “அத்தை, இது மேல என்ன உக்காரும் தெரியுமா? முப்பத்திரண்டு டன்னு! இருங்க, காட்டுறேன்.”

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் தண்ணீர் நிறைந்த டம்ளரும் கொண்டுவந்தார். தட்டின் மேல் டம்ளரை வைத்து, தட்டை மெதுவாகச் சாய்த்தார். கொஞ்சம் சாய்ந்ததுமே டம்ளர் சர்ரென்று வழுக்கி, மேசையில் கவிழ்ந்து, மாமியாரின் மடியெல்லாம் தண்ணீர்.

“ஐயோ!”

“இப்போ பாருங்க.” தேய்ந்துபோன குக்கர் ரப்பர் வளையத்தைத் துண்டாக்கித் தட்டில் பரப்பி, டம்ளரை நிரப்பி மேலே வைத்தார். தட்டைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தண்ணீர் விளிம்புக்கு வந்து வழிந்ததே தவிர, டம்ளர் இடத்தைவிட்டு நகரவில்லை.

“பலே!” என்றார் மாமியார், உண்மையாகவே அசந்துபோய். “கப்பல் இவ்வளவு சாயுமா?”

“இதுக்கு மேலயும் சாயும் அத்தை. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. நாள் முழுக்க, பதினஞ்சு நாளைக்கு.”

“ரப்பர் இல்லைன்னா?”

“அவ்வளவுதான். முதல்ல ஒரு விரல்தான் நகரும். யாருக்கும் தெரியாது. ஆனா அந்த ஒரு விரல்ல சங்கிலி தளர்ந்துடும். அடுத்த சாய்வுல ஒரு முழம். அதுக்கப்புறம் முப்பத்திரண்டு டன்னு கப்பலுக்குள்ள அங்கயும் இங்கயும் ஓட ஆரம்பிச்சா, எவனும் கிட்டப் போய் நிறுத்த முடியாது. மத்த கன்டெய்னரை எல்லாம் இடிச்சு, கப்பல் சுவரையே...”

அவர் பேச்சு நின்றது. கையில் தட்டு சாய்ந்தபடியே இருந்தது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம், முதல் தடவையாக அவர் காதிலேயே விழுந்தது.

மாமியார் அதைக் கவனிக்கவில்லை. அவர் கை, தன் பழக்கத்தில், பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனது. ஒரு பக்கம் முடிந்து இரண்டாவது பக்கம். நாலாவது பக்கத்தில் கை நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“மிச்சத் துண்டுன்னு சொன்னீங்க.”

“ஆமா அத்தை.”

“நாலு பக்கமும் நேரா வெட்டியிருக்கு. சரி, நல்ல கை, நேரா வெட்டியிருப்பீங்க. ஆனா இந்த மஞ்சக் கோடு என்ன?” விரலை வைத்தார். சோப்புத் தண்ணீர் பாதி அழித்திருந்தது, ஆனாலும் தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, நாலு பக்கமும் சுற்றி வந்த கோடு. “துணியில தையலுக்குன்னு இப்படித்தான் ஒரு விரல் விட்டுக் கோடு போடுவோம். மிச்சத் துணியில யாரும் தையலுக்கு இடம் விட மாட்டாங்க, மாப்பிள்ளை.”

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை மேசையில் வைக்கப் போனவர், டம்ளரைத் தட்டிவிட்டார். மறுபடியும் தண்ணீர். இந்தத் தடவை யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.

“அப்போ இது எதுக்கோ வெட்டினது” என்றார் மாமியார்.

“எட்டுச் சங்கிலி போட்டிருக்கு அத்தை. தாங்கும்.”

“தாங்கும்னா ரப்பர் எதுக்கு?”

சமையலறை வாசலில் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், ‘எல்லாம் உன்னால்தானே’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படி வந்ததை நினைத்து இன்னொரு வெட்கம் சேர்ந்துகொண்டது. வாயை மூடிக்கொண்டார்.

மாமியார் கத்தியை மடித்து வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. “நானும் எடுத்தவதான். இவ சின்ன வயசுல போட்ட கவுன் எல்லாம் ஆலைத் துணிதான். ஒவ்வொரு சட்டையிலயும் அரை விரல் குறைச்சு வெட்டினா, சாயந்திரம் ஒரு கவுனுக்குத் தேறும். எங்கயோ எவனுக்கோ சட்டை இறுக்கும், ஒரு பட்டன் தெறிக்கும். நான் கவலைப்பட்டதே இல்ல. உங்க வேலையில என்ன தெறிக்கும், மாப்பிள்ளை?”

அவர் கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

“கப்பல்ல எத்தனை பேரு?”

“இருபத்திரண்டு பேர்.”

“அவங்களுக்குத் தெரியுமா, அவங்க ரப்பர் மேல நான் நின்னு குளிக்கிறேன்னு?”

இதைக் கேட்டபோதுதான் மாமியாரின் கண் கலங்கியது. மூன்று நாளாகத் தான் கல்லு மாதிரி நின்றதை நினைத்தாரோ என்னவோ. பாயை அவரே சுருட்டினார். சட்டைத் துணியைச் சுருட்டுவது போல இறுக்கமாக, ஓரம் பிசகாமல் சுருட்டி, மருமகன் கையில் கொடுத்தார்.

“போங்க. நான் சுவரைப் பிடிச்சுக்கிறேன்.”

துறைமுக வாசலில் காவலாளி அவரைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். பிறகு சுருளைப் பார்த்தார். “என்ன ஒரு விரல், லீவு நாள்ல பாத்ரூம் மேட்டோட வர்றீங்க? உள்ள குளிக்கப் போறீங்களா?”

வெளியே போகிற சாமானைத்தான் அவர்கள் சோதிப்பது வழக்கம். உள்ளே வருகிற சாமானுக்கு நோட்டில் எழுத வேண்டும். காவலாளி பேனாவை எடுத்தார். “ரப்பர் பாய், ஒண்ணு. காரணம் என்னன்னு போடட்டும்?”

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மாற்றுப் பாய், மாதிரித் துண்டு, எது சொன்னாலும் காவலாளி எழுதியிருப்பார்.

“எடுத்ததைத் திருப்பி வைக்க.”

பேனா நின்றது. காவலாளி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல எழுதி முடித்தார். சல்யூட் இந்தத் தடவை வரவில்லை, அல்லது மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை.

உருளை துறைமேடைக்கு வந்துவிட்டிருந்தது. கிரேனுக்கு வரிசையில் மூன்றாவதாக நின்றது. அவருடைய ஆட்களில் இருவருக்கு அன்று வேலை. நெட்டையான ஒருவனும், தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டியும். சொன்னால் அரை மணி நேரத்தில் ரகசியமாக மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் சங்கிலியைத் தளர்த்த முத்திரையை உடைக்க வேண்டும். முத்திரையை உடைக்க சர்வேயர் வேண்டும். ஈய முத்திரைகளைப் பார்த்தபடி மேஸ்திரி சிறிது நேரம் நின்றார். பிறகு சர்வேயரின் அறைக்கு நடந்தார்.

சர்வேயர் ஃபேனுக்கு நேராக முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “வாங்க வாங்க. லீவுல கூட உங்களுக்கு வீடு கொள்ளாதே!”

“சார், உருளையில நாலாவது காலுக்கு ரப்பர் இல்ல.”

“கிழிஞ்சிருச்சா?”

“இல்ல சார். நான் எடுத்துட்டேன். பலகை வெச்சு ஓரத்துல மட்டும் நாடா அடிச்சிருக்கேன். வெளியில பார்த்தா ஒரு விரல் தெரியும்.”

சர்வேயர் சிரிக்கப் போனார். மேஸ்திரி கையில் இருந்த சுருளைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சோப்பு வாசனை அந்தச் சின்ன அறை முழுக்க வந்துவிட்டது.

“நான் கேட்டேன், மேஸ்திரி. விரல் தெரியுதான்னு கேட்டேன்.”

“தெரியுதுன்னு சொன்னேன் சார்.”

திட்டியிருந்தால் தேவலை. சர்வேயர் மேசையைப் பிடித்து எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. முத்திரைகளை அவரே வெட்டினார். நெட்டையனும் சோடாபுட்டியும் சங்கிலியைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தொட்டிலை ஒரு கையளவு தூக்கினார்கள். ஏன் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. சுருளைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் அவர் கண்ணைப் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

பலகை வெளியே வந்தது. உருளையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் வழிந்து, பலகை மூன்று நாளில் பளபளவென்று ஊறியிருந்தது. அதன் மேல் தொட்டில் கால் உட்கார்ந்த தடம் தெரிந்தது. ஒரு தடம் இல்லை, இரண்டு. முதலில் வைத்த இடம் ஒன்று, அங்கிருந்து வழுக்கி வந்து நின்ற இடம் ஒன்று. யார்டிலிருந்து துறைமேடைக்கு டிரெயிலரில் முக்கால் கிலோமீட்டர் வந்திருந்தது. வளைவு இரண்டே இரண்டு. அதற்கே நகர்ந்திருந்தது.

சர்வேயர் தன் ஆள்காட்டி விரலை இரண்டு தடத்துக்கும் நடுவில் படுக்க வைத்தார். சரியாக ஒரு விரல் இடம். மேஸ்திரி அதைப் பார்த்தார். அவர் ஆயிரம் தடவை செய்த செய்கை, இப்போது இன்னொருவர் கையில் இருந்தது.

பாயை அவரே விரித்தார். ஈரம் காய்ந்து வெள்ளையாகச் சோப்புத் திட்டு இருந்தது. தன் சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தார். ஓரத்தில் நீளமாக நரைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எடுப்பதற்குள் சர்வேயர் அதை விரலால் எடுத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, காற்றில் விட்டார்.

“யாரோடது?”

“என் மாமியார் சார்.”

“விழுந்தாங்களா?”

“ரெண்டு தடவை.”

சர்வேயர் தலையை ஆட்டினார். கோபம் குறைந்ததா என்று மேஸ்திரி அவர் முகத்தைத் தேடினார். குறையவில்லை. தொட்டில் இறங்கியது, சங்கிலி இறுகியது. புது முத்திரை வைக்கும் முன் சர்வேயர் செய்த காரியத்தை அங்கே இருந்த ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கன்டெய்னர் தளத்தில் ஏறி, தொட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி, ஒவ்வொரு முழங்காலாகத் தரையில் வைத்தார். பிறகு கைகளை ஊன்றி, வயிறு தரையில் பட, அந்தக் கொதிக்கிற இரும்பில் படுத்து, டார்ச் அடித்து அடியில் பார்த்தார். ஒரு காலைப் பார்த்துவிட்டு, எழுந்து, அடுத்த காலிடம் போய் மறுபடியும் படுத்தார். நாலு காலுக்கும் இப்படி. முட்டி சொடுக்குகிற சத்தம் கேட்டது. நெட்டையன் தாங்கிப் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

ஆறு வருஷம் அந்த மனிதர் குனியாமல் இருந்தது சோம்பலால் இல்லை என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மேல் வைத்திருந்த நம்பிக்கையால். அந்த நம்பிக்கையைத்தான் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்து, துணி போட்டு மூடி எடுத்துப் போயிருந்தார்.

சர்வேயர் சட்டையெல்லாம் அழுக்கோடு எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“இதுக்கு முன்னாடி?”

“இல்ல சார். சத்தியமா இதுதான் முதல் தடவை.”

சொல்லும்போது அதை அவர் முழுசாக நம்பினார். சர்வேயர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுங்க” என்றார். பிறகு வரிசையில் அடுத்து நின்ற அச்சு எந்திரத்திடம் நொண்டிக்கொண்டே போய், அதன் காலடியிலும் முழங்காலை ஊன்றினார்.

கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பியது. மேஸ்திரி அது திரும்பி வெளியே போகும் வரை நின்று பார்த்தார். மேல்தளத்தில் யாரோ துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டில் ஒருவர். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை, தெரியாததே நல்லது என்று இருந்தது.

வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, கடையில் ஒரு பாத்ரூம் மேட்டு வாங்கினார். பச்சை நிறம், அடியில் உறிஞ்சு குமிழ்கள் வைத்தது. கடைக்காரர் வாயைப் பிளந்தார். “நீங்களா?” என்றார். மேஸ்திரி காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

தெரு முனையில் திரும்பியபோது சர்வேயரின் கேள்வி மறுபடியும் வந்தது. இதுக்கு முன்னாடி? இல்லை என்றுதான் சொன்னார். இல்லைதான். ஆனாலும் ஸ்கூட்டர் தன் வீட்டுக்குப் போகாமல் முதல் வீட்டு வாசலில் நின்றது.

“உங்க பாத்ரூம் மேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

இப்படி ஒரு கேள்வியைச் சாயந்திர நேரத்தில் கேட்டால் எவர்தான் சிரிக்க மாட்டார்? முதல் வீட்டுக்காரர் சிரித்தார். உள்ளே போய்ப் பார்த்தார். கோணல் துண்டு, ஒரு பக்கம் சுருளின் தொழிற்சாலை ஓரம். உண்மையான மிச்சம்தான். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் முக்கோணமாக ஒரு துண்டு, நாலாவது வீட்டில் இரண்டு நாடாவைச் சேர்த்து ஒட்டியது. ஒவ்வொரு வீட்டிலிருந்து வெளியே வரும்போதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்படியெல்லாம் மோசமான ஆள் இல்லை நான் என்று மெதுவாகத் தலை நிமிர ஆரம்பித்தது.

ஐந்தாவது வீடு டீச்சரம்மா வீடு. அவர் மேட்டைக் கழுவி மாடிப்படிக் கம்பியில் காயப் போட்டிருந்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது. நாலு பக்கமும் நேர். கிட்டப் போய்ப் புரட்டினார். அடிப்பக்கத்தில், தண்ணீர் அதிகம் படாத மூலையில், மஞ்சள் கோடு. ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே.

“போன வருஷம் நீங்கதானே குடுத்தீங்க?” என்றார் டீச்சரம்மா. “வழுக்குதுன்னு வாய் தவறிச் சொன்னேன், மறுநாளே கொண்டுவந்துட்டீங்க. எவ்வளவு நன்றி சொன்னேன், ஞாபகம் இல்லையா?”

நன்றி சொன்னது ஞாபகம் இருந்தது. காபி கொடுத்தது, அதில் சர்க்கரை கம்மியாக இருந்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் இந்தப் பாய் எந்தச் சாமானின் காலுக்கு வெட்டியது? எந்தக் கப்பல்? அந்தக் காலுக்கு அடியில் என்ன வைத்தார், பலகையா, ஒன்றுமே இல்லையா? சர்வேயர் கேட்டபோது என்ன சொன்னார்? கண்ணை மூடிக்கொண்டு தேடினார். ஒரு துளி கூடக் கிடைக்கவில்லை. மறைத்து வைத்திருந்தால் தேடி எடுத்திருக்கலாம். அவர் மறைக்கவே இல்லை. நினைவில் வைத்துக்கொள்கிற அளவுக்கு அது அவருக்கு ஒரு காரியமாகவே படவில்லை.

“என்னங்க, திருப்பி வேணுமா?” என்றார் டீச்சரம்மா, முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்.

திருப்பி வாங்கி எங்கே கொண்டுபோய் வைப்பார்? “வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடியே படியிறங்கினார்.

வீட்டு வாசலில் மாமியார் காத்திருந்தார், ஒரு கை சுவரில்.

“வெச்சாச்சா?”

“வெச்சாச்சு அத்தை. கப்பல் போயிடுச்சு.”

“நிம்மதி. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

மேஸ்திரி பச்சை மேட்டை அவர் கையில் கொடுத்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

“இன்னும் ஆறு வீடு பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்.